முதல் சவரக்கத்தி: காதை நம்பித் தேர்ந்தெடுத்த 5/8

பிடிக்குள் மடங்கும் திறந்த சவரக்கத்தியை முதல்முறையாக வாங்கப் போகிறவருக்கு என் சிபாரிசை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 5/8 அங்குல அகலம், பக்கங்களை ஆழமாகக் குழித்துக் கடைந்த ஃபுல் ஹாலோ கிரைண்ட், வட்ட முனை, கார்பன் எஃகு, அலங்காரம் இல்லாத பிடி. கல்லில் தீட்டத் தெரிந்த ஒருவர் கூர் வைத்துக் கொடுத்ததாக இருக்க வேண்டும். கூடவே கூரைப் பராமரிக்க, சுமாரான விலையில் ஒரு தோல்பட்டை. ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும். இந்த வர்ணனைக்குப் பொருந்தும், ஜெர்மனியின் சோலிங்கன் ஊர்க் கத்தி ஒன்று என்னிடம் இருக்கிறது. இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் செய்த பழைய 7/8 ஒன்றும், பிளேடு மாற்றிப் போடும் ஷேவெட் ஒன்றும் அதோடு சேர்த்து வைத்திருக்கிறேன். மூன்றையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்திய பிறகே இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றி ஒன்று தெரிந்தால்தான் என் தீர்ப்பு புரியும். எனக்குக் கிட்டப்பார்வை அதிகம். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு சவரம் செய்ய வழியில்லை. கிருதாவுக்குப் பக்கத்தில் அதன் காதுக் கம்பி இடிக்கும், மேலுதட்டுக்கு வந்தால் அதன் விளிம்பு கத்திக்குக் குறுக்கே நிற்கும். கழற்றிவிட்டால் எதிரில் தெரிவது முகத்தின் உருவம் மட்டும்தான். கூர் விளிம்பு தோலில் எந்தக் கோணத்தில் படுகிறது என்பதெல்லாம் தெரியாது. அதனால் என் சவரம் பாதி காதிலும் பாதி விரல் நுனியிலும் நடக்கிறது. நல்ல பார்வை உள்ளவர்களுக்கும் இது பொருந்தும் என்று நம்புகிறேன். தாடைக்குக் கீழே வந்துவிட்டால் யாருக்குமே விளிம்பு சரியாகத் தெரிவதில்லை. ஆரம்பக்காரருக்குத் தேவை, தான் என்ன செய்கிறோம் என்பதை உடனுக்குடன் சொல்லிக் கொடுக்கும் கத்தி.

முதலில் அகலம். சவரக்கத்தியின் அகலத்தை அங்குலத்தில் எட்டில் இத்தனை பங்கு என்று கணக்கிடுவார்கள். 4/8, 5/8, 6/8, 7/8, 8/8 என்று போகும். 5/8 என்றால் ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். 6/8 என்றால் 19. 5/8-ன் அருமை மேலுதட்டில் தெரியும். அங்கே இடம் மிகக் குறைவு. அகலமான கத்தியானால் அதன் முதுகு மூக்கில் போய் முட்டும். முட்டாமல் இருக்கக் கத்தியைத் தூக்கிப் பிடிப்போம். தூக்கினால் அது முடியை வெட்டுவதை விட்டுவிட்டுத் தோலைச் சுரண்டும். 4/8 இன்னும் சுலபமாயிற்றே என்று தோன்றலாம். ஆனால் அதில் நுரை தங்க இடமில்லை, இரண்டு இழுப்புக்கு ஒருமுறை துடைத்தாக வேண்டும். 6/8 நல்ல அளவுதான். கொஞ்சம் கனம் கூடுவதால் கை நடுக்கம் குறையும். 5/8 கிடைக்காமல் நல்ல 6/8 கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள்.

அடுத்தது கடைசல். இதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. சவரக்கத்தியின் இரண்டு பக்கங்களையும் சக்கரத்தில் கொடுத்துக் குழிவாகக் கடைவார்கள். எவ்வளவு ஆழமாகக் கடைந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்துக் கால் ஹாலோ, அரை ஹாலோ, ஃபுல் ஹாலோ என்று பெயர். கடைசலே பெரிதாக இல்லாமல் ஆப்பு வடிவில் இருந்தால் அது வெட்ஜ். ஃபுல் ஹாலோவில் கூருக்கு மேலுள்ள பகுதி அவ்வளவு மெல்லிய தகடாக இருக்கும். சிறிய அழுத்தத்துக்கே வளைந்து கொடுக்கும். முடியை வெட்டும்போது அந்தத் தகடு அதிர்ந்து ஒலி எழுப்புகிறது. கத்தி பாடுகிறது என்று பழக்கமுள்ளவர்கள் சொல்வது இதைத்தான்.

அந்த ஒலிதான் என் ஆசிரியர். தோலுக்கும் கத்திக்கும் இடையே 30 டிகிரி அளவில் கோணம் இருக்கும்போது கணீரென்று, ஒரே சீராக ஒலி வரும். கத்தியை ரொம்பப் படுக்க வைத்துவிட்டால் ஒலி மங்கிப்போய், முடி வெட்டுப்படாமல் இழுபடும். ரொம்ப நிமிர்த்தினால் கரகரவென்று சுரண்டல் கேட்கும். அந்த நொடியிலேயே கையை நிறுத்திவிட வேண்டும். நுரை உலர்ந்துவிட்டதா, முடி எந்தப் பக்கம் படுத்திருக்கிறது, கூர் எப்போது மங்கத் தொடங்கியது என்று எல்லாமே ஒலியில் இருக்கிறது. என் கழுத்தில் இடது தாடைக்குக் கீழே முடி ஒரு சுழியாக வளர்கிறது. அந்த இடத்தில் எந்தத் திசையில் இழுக்க வேண்டும் என்பதை நான் கண்டுபிடித்தது காதால்தான். திசை சரியாக இருந்தால் ஒலி கூடும், எதிராகப் போனால் திக்கும்.

சரி, முனைக்கு வருவோம். வட்ட முனை, சதுர முனை, சாய்வாக வெட்டிய பிரெஞ்சு முனை, உட்பக்கம் வளைத்த ஸ்பானிஷ் முனை என்று வகைகள் உண்டு. சதுர முனையின் மூலை ஊசி போல இருக்கும். மீசையின் ஓரத்தை நேர்க்கோடாக வெட்ட அது வசதி. ஆனால் கை பழகாதவருக்குக் காது மடலும் நாசியின் ஓரமும் அந்த மூலைக்கு நேரே நிற்கின்றன. வட்ட முனை தோலில் பட்டாலும் வழுக்கிக்கொண்டு போய்விடும். இதில் எனக்கு வேறு கருத்தே கிடையாது. முதல் கத்தி வட்ட முனைதான்.

கடையில் பார்க்கும்போது யாரும் கவனிக்காத சில சின்ன விஷயங்கள் கையில் எடுத்ததும் பெரிதாகத் தெரியும். சுழல் ஆணிக்குப் பின்னால் நீளும் கத்தியின் வால் சற்று மேல்நோக்கி வளைந்து, சுண்டுவிரல் உட்காரும் நீளத்தில் இருக்க வேண்டும். தகட்டுக்கும் ஆணிக்கும் இடையிலுள்ள கழுத்துப் பகுதியின் அடியில் சிறு வெட்டுக் கோடுகள் போட்டிருந்தால் சோப்பு விரல் வழுக்காது. என் சோலிங்கனில் அவை இருக்கின்றன, ஷெஃபீல்டில் இல்லை. வித்தியாசம் தினமும் தெரிகிறது. மூடிப் பார்த்தால் தகடு பிடியின் இரண்டு பக்கங்களுக்கும் நடுவில் இறங்க வேண்டும். ஒரு பக்கம் உரசினால் கூர் பிடியிலேயே மழுங்கும், சில நேரம் சில்லு போய்விடும். சுழல் ஆணி தொளதொளவென்று இருக்கக்கூடாது. திறந்த கத்தி தன் எடையாலேயே மடங்கி விழுந்தால் அதை வாங்காதீர்கள், அல்லது ஆணியை இறுக்கித் தரச் சொல்லுங்கள்.

என் கத்தி சோலிங்கனில் செய்தது. ஜெர்மனியில் அந்த ஊரின் பெயரையே சட்டம் காக்கிறது. 1938-ல் அதற்கென்று தனிச் சட்டம் வந்தது. 1994-ல் புதிய விதி வந்தது. முக்கியமான தயாரிப்பு வேலைகள் அந்த வட்டாரத்திலேயே நடந்தால்தான் கத்தியில் சோலிங்கன் என்று பொறிக்கலாம். 1906-ல் தொடங்கிய டோவோ, 1869-ல் தொடங்கிய பேக்கர் இரண்டும் அந்த ஊர் நிறுவனங்கள்தான். பிரான்ஸில் தியேர் என்ற கத்தி ஊரில் 1884-லிருந்து தியேர்-இஸார் நிறுவனம் இருக்கிறது. இந்த மூவரின் சாதாரண 5/8 அல்லது 6/8 கத்தியை எடுத்துக்கொண்டால் எஃகும் கடைசலும் பற்றி ஆரம்பக்காரர் கவலைப்பட வேண்டியதில்லை. முத்திரையைப் பார்த்து வாங்குவதில் இவ்வளவுதான் பயன்.

கூர் விஷயம் வேறு. புதுக் கத்தி என்பதாலேயே அது முகத்தில் வைக்கத் தயாராக இருக்கும் என்று யாரும் எண்ண வேண்டாம். தொழிற்சாலையிலிருந்து வரும் கூர் பல நேரம் முன்கை முடியை மழிக்கும், தாடியை மழிக்காது. என் முதல் கத்தியின் பெட்டிக்குள் ‘உடனே பயன்படுத்தலாம்’ என்று ஒரு சீட்டு இருந்தது. கன்னத்தில் வைத்து இழுத்தபோது முடிகளைப் பிடுங்கியது. நடுப்பகுதி கூராக இருந்தது, அடிப்பக்கத்தில் இரண்டு சென்டிமீட்டருக்குக் கூரே இல்லை. கல் பிடிக்கத் தெரிந்த ஒருவரிடம் அனுப்பித் திரும்பி வந்த பிறகு அதே கத்தி வேறு கத்தியாக இருந்தது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு இதில் ஒரு பெரிய தொல்லை இருக்கிறது. முடி இழுபட்டால், குற்றம் கையிலா கோணத்திலா கூரிலா என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியாது. கூர் உறுதியாக நன்றாக இருந்தால்தான் மற்ற இரண்டையும் திருத்திக்கொள்ள முடியும். ஆகவே விற்கிறவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ‘இதைக் கல்லில் தீட்டியது யார்? எந்தக் கல்லில் முடித்தார்கள்?’ இதற்கு நேரான பதில் வராத இடத்தில் எவ்வளவு அழகான கத்தி இருந்தாலும் நான் வாங்க மாட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நீங்களே ஒரு சோதனை செய்யலாம். பிரகாசமான விளக்குக்குக் கீழே கத்தியின் கூர் உங்களைப் பார்க்கும்படி நிமிர்த்திப் பிடித்து, மெதுவாக முன்னும் பின்னும் சாயுங்கள். நல்ல கூர் ஒளியைத் திருப்பாது. கோடே இல்லாதது போல இருண்டிருக்கும். எங்காவது வெள்ளைப் புள்ளியோ கோடோ மின்னினால் அங்கே மழுங்கல் அல்லது சில்லு இருக்கிறது. பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் நல்லது. எனக்குக் கிட்டப்பார்வை என்பதால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விளக்கை ஒட்டிக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாலே போதும். தலைமுடி ஒன்றைத் தொங்கவிட்டு வெட்டிப் பார்க்கும் சோதனையும் உண்டு. முடியின் தடிமனும் ஈரமும் ஆளுக்கு ஆள் மாறுவதால், பழகாதவர் அதை வைத்து முடிவுக்கு வர வேண்டாம்.

சவரக்கத்தியின் முதுகு ஏன் அவ்வளவு தடிப்பாக இருக்கிறது என்பதை வாங்கும் முன்பே புரிந்துகொள்வது நல்லது. சமையலறைக் கத்தியைத் தீட்டும்போது கோணத்தைக் கை வைத்திருக்க வேண்டும். சவரக்கத்தியைக் கல்லில் படுக்க வைத்தால் முதுகும் கூரும் ஒன்றாகப் படியும். கோணத்தை முதுகே தீர்மானித்துவிடும். 16 மில்லிமீட்டர் அகலத்துக்கு முதுகு நாலரை மில்லிமீட்டருக்குச் சற்று மேலே இருந்தால் கூரின் கோணம் 16, 17 டிகிரி வரும். தாடிக்கு அது பொருத்தமான கோணம். முதுகு ஒருபுறம் அதிகமாகத் தேய்ந்திருந்தால், அல்லது தகடு லேசாக முறுக்கிக்கொண்டிருந்தால், இந்தக் கணக்கு முழுவதும் கெட்டுவிடும். பெயர் தெரியாத மலிவுக் கத்திகளில் நான் பயப்படுவது எஃகைப் பற்றி அல்ல, இந்த வடிவக் கணக்கைப் பற்றி. பார்வைக்குச் சவரக்கத்தி போலவே இருக்கும், கல்லில் வைத்தால் நான்கில் ஒரு பங்கு விளிம்பு கல்லைத் தொடாது. எஃகு நன்றாக இருக்கும் மலிவுக் கத்திகளும் உண்டு. ஆனால் அவற்றைச் சரிசெய்ய மணிக்கணக்கில் கல்லோடு உட்காரத் தெரிய வேண்டும். அது ஆரம்பக்காரரின் வேலை இல்லை.

கார்பனா ஸ்டெயின்லெஸ்ஸா என்று பலர் குழம்புகிறார்கள். கார்பன் எஃகு கல்லிலும் தோல்பட்டையிலும் சீக்கிரம் படியும், ஆனால் ஈரத்தோடு விட்டால் துருப்பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் துருவைத் தாங்கும், தீட்ட அதிக நேரம் கேட்கும். குளியலறையில் எப்போதும் ஈரம் இருக்கும், கத்தியை வேறு அறையில் வைக்க முடியாது என்றால் ஸ்டெயின்லெஸ் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றபடி கார்பன்.

ஷெஃபீல்டு கத்தியைப் பற்றிச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1740-களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசை என்ற மண் கலத்தில் எஃகு உருக்கும் முறையைக் கொண்டுவந்த ஊர் அது. அந்த எஃகின் சீரான தன்மைதான் நல்ல சவரக்கத்திகளுக்கு வழி திறந்தது. என்னிடம் இருப்பது 7/8, ஏறக்குறைய வெட்ஜ். கையில் எடுத்தால் கனம் உடனே தெரியும். அந்தக் கனமே வெட்டும்; நாம் கோணத்தை மட்டும் கொடுத்தால் போதும். சில நாள் விட்டு வளர்ந்த தாடியை அது தயங்காமல் எடுத்துவிடும், ஃபுல் ஹாலோ அங்கே சில நேரம் துள்ளும். மோவாயின் கரடுமுரடான முடிக்கு இன்றும் நான் அதைத்தான் விரும்புகிறேன்.

ஆனாலும் முதல் கத்தியாக அதைச் சொல்ல மாட்டேன். அது பேசுவதே இல்லை. தடித்த தகடு அதிராது. கேட்பது மந்தமான ஒரு உரசல் மட்டும். கோணம் தப்பினாலும் கனத்தின் வேகத்தில் வெட்டிக்கொண்டே போய்விடும், பிறகு தோல் எரியும்போதுதான் தெரியும். மேலுதட்டில் அதன் முதுகு எனக்கு முழுக்க இடைஞ்சல். கல்லில் தீட்டும்போதும் வெட்ஜில் உலோகம் அதிகம் தேய வேண்டியிருப்பதால் வேலை கூடும். கை பழகி, கோணம் உடலில் பதிந்த பிறகு வாங்க வேண்டிய கத்தி அது.

மூன்றாவது ஷேவெட். சவரத் தொழிலில் இருப்பவர்கள் இப்போது பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள், அதற்குச் சுகாதாரம் என்ற வலுவான காரணம் இருக்கிறது. ஒருவருக்குப் போட்ட பிளேடை எறிந்துவிட்டு அடுத்தவருக்குப் புதிது போடலாம். இரண்டு பக்கமும் கூருள்ள பிளேடைப் பாதியாக உடைத்துப் போடும் வகை ஒன்று, ஃபெதர் ஆர்ட்டிஸ்ட் கிளப் என்ற மாதிரியைப் போலத் தனக்கென்றே செய்த நீண்ட பிளேடு போடும் வகை ஒன்று. கல்லும் வேண்டாம், தோல்பட்டையும் வேண்டாம். கூர் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி இருக்கும். இந்த ஒரு குணத்துக்காக, ‘எனக்குத் திறந்த கத்தி ஒத்துவருமா என்று பார்க்க வேண்டும்’ என்கிறவர்களுக்கு ஷேவெட்டை எடுங்கள் என்று பலர் சொல்கிறார்கள்.

நான் அப்படிச் சொல்வதில்லை. பாதி பிளேடு வகையில் எடையே கிடையாது, கை அழுத்தத் தொடங்கிவிடும். பிளேடின் இரண்டு மூலைகளும் வெளியே தெரியும்படி பொருத்தும் வகைகளில் ஒவ்வொரு மூலையும் ஒரு ஆபத்து. தீட்டிய கத்தியின் கூரை விட அந்த விளிம்பு தோலிடம் கடுமையாக நடந்துகொள்கிறது. சின்னத் தவறுக்கும் ரத்தம். ஒலியும் மிகக் குறைவு. எனக்கு அது ஊமைக் கருவி. ஷேவெட்டில் வெட்டுப்பட்டு, திறந்த கத்தியே வேண்டாம் என்று விட்டவர்களை நான் அறிவேன். அவர்கள் உண்மையான சவரக்கத்தியைத் தொட்டதே இல்லை. பயணத்துக்கும் கிருதா ஓரம் எடுக்கவும் நான் ஷேவெட் வைத்திருக்கிறேன், அந்த வேலைகளுக்கு அது நல்ல கருவி.

ஜப்பானியக் கமிசோரியைப் பற்றியும் கேட்பார்கள். பிடி மடங்காத, இரண்டு பக்கமும் ஒன்றுபோல் கடையாத கத்தி அது. முகத்தில் படும் பக்கம் எது என்பதற்கே முறை உண்டு. அழகான பொருள், முதல் கத்தி அல்ல.

இனித் தோல்பட்டை. கத்தியில் செலவழிக்கும் அக்கறையில் பாதியாவது இதில் இருக்க வேண்டும். ஒவ்வொரு சவரத்துக்கு முன்பும் கத்தியைத் தோலில் இழுத்தாக வேண்டும். இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல கூரும் சில நாட்களில் போய்விடும். மேலே மாட்டித் தொங்கவிடும் பட்டை, ஒரு பக்கம் தோல், மறுபக்கம் பருத்தி அல்லது லினன் துணி. அகலம் 75 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் கத்தி முழுவதும் ஒரே இழுப்பில் படிந்துவிடும், குறுக்காக நகர்த்தி இழுக்க வேண்டியதில்லை. முதலில் துணியில் 20, 30 முறை, பிறகு தோலில் 50, 60 முறை. முதுகு முன்னே போக வேண்டும், கூர் பின்னால் வர வேண்டும். கல்லில் இதற்கு நேர்மாறு, அங்கே கூர்தான் முன்னே போகும். பட்டையின் முடிவில் கத்தியை முதுகின் மேல் உருட்டித் திருப்ப வேண்டும். கூரின் மேல் திருப்பினால் தோல் அறுபடும், கூரும் போய்விடும்.

புதியவர் கையில் முதல் பட்டை சில வெட்டுகளை வாங்கத்தான் செய்யும். இதை எதிர்பார்த்தே முதல் பட்டையை வாங்க வேண்டும். விலை உயர்ந்த குதிரைத்தோல் பட்டையை மணிக்கட்டுத் திருப்பம் படிந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம். வேகம் வேண்டாம். படங்களில் சடசடவென்று இழுப்பதைப் பார்த்து அதே வேகத்தில் தொடங்குகிறவர்கள் கூரைத்தான் கெடுத்துக்கொள்கிறார்கள். பட்டையை விறைப்பாகப் பிடித்து, கத்தியின் எடை மட்டும் தோலில் இருக்கும்படி மெதுவாக இழுத்தால் இங்கேயும் ஒலி வழிகாட்டும். போகும்போதும் வரும்போதும் ஒரே ஒலி கேட்டால் இரண்டு பக்கமும் ஒன்றுபோல் படிகிறது. என் கை திரும்பி வரும்போது முனைப் பக்கம் லேசாகத் தூக்கிக்கொள்ளும் பழக்கம் உடையது. ஒலி மெலிவதை வைத்து அதை உணர்ந்து சரிசெய்கிறேன்.

கல் இப்போதைக்கு வேண்டாம். கல்லின் எண் கூடக் கூட அது நுண்மையாகும்; 1000 எண்ணில் கூரின் அடிப்படையை அமைத்து, 4000, 8000 வழியாக 12000-ல் முடிப்பது பொதுவான பாதை. பெல்ஜியத்தின் ஆர்டென் பகுதியில் கிடைக்கும் கோட்டிகூல் என்ற இயற்கைக் கல்லில், அதிலுள்ள கார்னெட் என்ற கனிமத்தின் நுண்ணிய துகள்களே உலோகத்தைத் தேய்க்கின்றன. அந்தக் கல்லின் மீது எனக்குத் தனி ஆசை உண்டு. ஆனால் ஒழுங்காகத் தோல்பட்டையில் இழுத்து வந்தால் ஒரு நல்ல கூர் மாதக்கணக்கில் நிற்கும். அந்த மாதங்களில் நல்ல கூர் என்றால் எப்படி ஒலிக்கும், எப்படி வழுக்கும் என்பது உங்களுக்குப் பழகியிருக்கும். அது தெரியாமல் கல்லை எடுத்தால் எங்கே நிறுத்துவது என்றே தெரியாது.

பழைய கத்தி வாங்க நினைப்பவர்களுக்குச் சில வார்த்தைகள். நூறு ஆண்டு பழைய சோலிங்கன், ஷெஃபீல்டு, தியேர், சுவீடனின் எஸ்கில்ஸ்தூனா கத்திகள் இன்றும் அருமையாக வெட்டும். அமெரிக்கா 1890-ல் கொண்டுவந்த சுங்கச் சட்டத்தால், அங்கே இறக்குமதியாகும் பொருளில் நாட்டின் பெயர் இருக்க வேண்டும் என்றானது. ஆகவே கத்தியின் கழுத்தில் ஜெர்மனி அல்லது இங்கிலாந்து என்று நாட்டின் பெயர் இருந்தால், பெரும்பாலும் அதற்குப் பிந்தைய கத்தி. வயதை விட நிலைதான் முக்கியம். முதுகின் தேய்மானம் இரண்டு பக்கமும் ஒரே அகலத்தில் இருக்கிறதா? கூர்க்கோடு நேராகவோ லேசாக வெளியே வளைந்தோ இருந்தால் சரி; உள்ளே குழிந்திருந்தால் வேண்டாம். தகட்டில் மயிரிழை விரிசல் இருந்தால் தொடவே வேண்டாம். முதுகுப் பக்கத்துத் துருக்கறை பார்வைக்குத்தான் குறை, கூருக்குப் பக்கத்தில் இருக்கும் துருக்குழி கூரையே தின்றுவிடும்.

பிடியையும் பாருங்கள். பழைய செல்லுலாய்டு பிடிகள் காலப்போக்கில் சிதைந்து அமில வாயுவை வெளியிடும். அது தொடங்கிவிட்டால் கத்தி மூடியிருக்கும் இடம் மட்டும் கொத்துக் கொத்தாகத் துருப்பிடித்திருக்கும், பிடியிலிருந்து சூட வாசனையோ புளிப்பு நெடியோ வரும். அப்படிப்பட்டதை மற்றக் கத்திகளோடு ஒரே பெட்டியில் போடவும் கூடாது. யானைத்தந்தப் பிடி என்று சொல்லி விற்பதையும் ஒதுக்குங்கள். 1989-ல், அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்த நாடுகள் ஆப்பிரிக்க யானைத்தந்தத்தின் பன்னாட்டு வணிகத்தைத் தடுக்க முடிவெடுத்தன. நாடு விட்டு நாடு அனுப்பினால் சட்டச் சிக்கல் வரும். புதுக் கத்திகளில் மரப்பிடி கண்ணுக்கு அழகு, ஈரத்தில் வளையும். கொம்புப் பிடியும் காய்ந்தால் கோணும். பிளாஸ்டிக் பிடிக்கு இந்தத் தொல்லை இல்லை. தகட்டில் பொன் எழுத்து, டமாஸ்கஸ் எஃகின் அலைவரிகள், முதுகில் செதுக்கல் ஆகியவற்றால் சவரம் ஒரு துளியும் மாறாது. அந்தப் பணத்தைத் தீட்டிக் கொடுக்கிறவருக்குக் கொடுங்கள்.

முகத்தை வெந்நீரில் நனைத்து, நுரையோடு சில நிமிடம் விட்டால் முடி தண்ணீரை உறிஞ்சி இளகும். முதல் சில வாரம் கன்னங்களை மட்டும் கத்தியால் எடுத்துவிட்டு, மற்றதை வழக்கமான ரேசரால் முடிப்பது நல்லது. கன்னம் தட்டையான இடம். ஒலியைப் பழகிக்கொள்ள அதைவிடத் தோதான இடம் முகத்தில் இல்லை. முதுகுக்கும் தோலுக்கும் நடுவே முதுகின் தடிமனைப் போல ஒன்றரை மடங்கு இடைவெளி விட்டால் 5/8 கத்திக்கு ஏறக்குறைய 30 டிகிரி வந்துவிடும். மற்றொரு கையால் தோலை இழுத்துப் பிடியுங்கள், முடி வளரும் திசையிலேயே போங்கள். மோவாய், மேலுதடு, கழுத்து என்று ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

முடித்ததும் கத்தியைக் கழுவும்போது தகட்டை மட்டும் நீரில் காட்டுங்கள். பிடிக்குள்ளும் சுழல் ஆணிக்குள்ளும் தண்ணீர் புகுந்தால் துரு அங்கிருந்துதான் தொடங்கும். முதுகுப் பக்கத்திலிருந்து கூரை நோக்கித் துடைத்து, துணிப் பட்டையில் நாலைந்து முறை இழுத்து, கொஞ்ச நேரம் திறந்தே காய விடுங்கள். சில வாரம் எடுக்கப் போவதில்லை என்றால் மினரல் ஆயிலோ கமீலியா எண்ணெயோ ஒரு சொட்டு விட்டு மெல்லிய படலமாகத் தடவி வைக்கலாம். மறுபடி எடுக்கும்போது எண்ணெயை நன்றாகத் துடைத்து, துணியில் இழுத்த பிறகே தோலுக்குப் போங்கள். எண்ணெய் தோலில் ஏறினால் பட்டையின் இழுவை மாறிவிடும்.